இரண்டு கூடு, ஒரே கேள்வி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, வாயில் இருந்த பற்பசை நுரையைக்கூடத் துப்பாமல், மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் ஒரு சபதம் செய்தார்.

"உயிரே போனாலும் சரி, நான் கண்ணாடி போட மாட்டேன்!"

நுரையோடு சொன்னதால் பாதிச் சபதம் சட்டையில் வழிந்தது. மீதிப் பாதி சமையலறையில் இருந்த மனைவியின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

"முதல்ல வாயைக் கொப்பளிங்க. சபதம் எங்கயும் ஓடிடாது."

ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிற மனுஷன் தனக்கு மட்டும் மாட்டிக்க மாட்டேன் என்கிறாரே, இது என்ன கூத்து என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர் மனைவியும் ஒரு வருஷமாக அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கடைக்காரருக்கு வயது நாற்பத்தெட்டு. கடை வைத்து இருபத்திரண்டு வருஷம். "நாற்பதைத் தாண்டினா வெள்ளெழுத்து வரத்தான் செய்யும் சார். கிட்டத்துல இருக்கற எழுத்து மங்கும். எல்லாருக்கும் வர்றதுதானே, இதுல வெட்கப்பட என்ன இருக்கு?" என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்காவது ஆறுதல் சொல்லுவார். சொல்லும்போது குரல் அப்படியே தேனாக இழையும். அந்த 'எல்லாரும்' என்ற கூட்டத்தில் தன்னை மட்டும் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

தூரத்துப் பார்வை அவருக்கு இன்னும் கூர்மை. தெருமுனையில் திரும்பும் பேருந்தின் எண்ணை, அது திரும்பி முடிப்பதற்குள் சொல்லிவிடுவார். "பார்த்தியா? கண்ணா இது, கழுகு!" என்று மனைவியிடம் பீற்றிக்கொள்வார். அந்தக் கழுகு போன வாரம் உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் கையில் வைத்துக்கொண்டு, ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் டீயில் உப்பைப் போட்டுக் குடித்தது. நன்றாக இருக்கிறது என்றும் சொன்னது.

பொய்யைக் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இதை அவரே சொல்லுவார். கண்ணாடி போடப் பயந்துகொண்டு வருகிறவர்கள், பெஞ்சில் காத்திருக்கும்போதே சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஒரு தடவை ஒரு லாரி ஓட்டுநர் அப்படித்தான் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கடைசி வரி வரைக்கும் படிங்க," என்றார் கடைக்காரர்.

"க, ட, ப, ம, ல!" என்று மடமடவென்று கொட்டினார் ஓட்டுநர்.

"பலே! இன்னொரு தடவை?"

"க, ட, ப, ம, ல!"

"அண்ணே, நான் அட்டையைத் திருப்பிப் போட்டு ரெண்டு நிமிஷம் ஆச்சு. அது பின்பக்கம். வேற எழுத்து. நீங்க படிக்கலை, ஒப்பிக்கிறீங்க."

ஓட்டுநர் தலையைத் தொங்கப் போட்டார். கடைக்காரருக்கு அன்றைக்கு முழுவதும் பசியே எடுக்கவில்லை, அவ்வளவு ஆனந்தம். 'நீங்க படிக்கலை, ஒப்பிக்கிறீங்க' என்பது அவருடைய பிரம்மாஸ்திரம்.

இதனால்தானோ என்னவோ, உண்மை-பொய்ப் புதிர்கள் என்றால் அவருக்கு உயிர். தலையணைப் பருமனுக்கு ஒரு புதிர்ப் புத்தகம் வைத்திருந்தார். லென்ஸ் தேய்த்து முடியும் வரை காத்திருக்கிறவர்கள் யாரும் அவரிடமிருந்து தப்ப முடியாது. "ஒரு தீவு சார். ரெண்டு பாதை. ஒண்ணு ஊருக்குப் போகுது, இன்னொண்ணு முதலைக் குளத்துக்குப் போகுது. ரெண்டு காவல்காரங்க நிக்கறாங்க. ஒருத்தன் உண்மை மட்டும்தான் பேசுவான், ஒருத்தன் பொய் மட்டும்தான் பேசுவான். யார் யாருன்னு தெரியாது. ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம். என்ன கேட்பீங்க?" என்பார். வந்தவர் யோசிக்க வாய் திறப்பதற்குள் விடையையும் அவரே சொல்லிவிடுவார்.

மனைவி இந்தப் புதிரை நானூறு தடவை கேட்டிருப்பாள். கடையில் ஃபிரேம் எடுத்துக் காட்டுவதும், மூக்குக்கும் காதுக்கும் அளவு பார்த்து வளைத்துக் கொடுப்பதும் அவள் வேலை. ஆகவே அவளும் தப்ப வழியில்லை. ஆனால் கேட்டுக்கொண்டே அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். கொஞ்ச நாளாக அவர் புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் படிக்கிற மாதிரிதான் புதிர் சொல்கிறார். காவல்காரர் புதிரைச் சொல்லும்போது திறந்திருக்கும் பக்கத்தில் ஆடு, புல்லுக்கட்டு, படகு என்று வேறு ஏதோ இருக்கிறது. ஒரு நாள் புத்தகமே தலைகீழாக இருந்தது.

கண்ணாடி போடச் சொல்லி நச்சரித்தாளே தவிர, இந்தப் பொய்யை அவள் நேருக்கு நேர் கேட்கவில்லை. கேட்க வைத்தவர் தபால்காரர்.

அந்தத் தபால்காரர் வெள்ளிக்கிழமை புதுக் கண்ணாடி வாங்கிப் போனார். சனிக்கிழமை முழங்காலில் கட்டோடு திரும்பி வந்தார்.

"என்னங்க இது, படி ஒண்ணு இருந்தா எனக்கு ஒண்ணரையாத் தெரியுது. காலைத் தூக்கி எங்க வைக்கறதுன்னே புரியலை. விழுந்துட்டேன்."

மனைவி மருத்துவர் எழுதிய சீட்டை எடுத்துப் பார்த்தாள். வலது கண்ணுக்கு ஒன்றேகால் என்று இருந்தது. கணவர் போட்டிருந்த லென்ஸ் ஒன்றேமுக்கால். தபால்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, கையோடு லென்ஸை மாற்றிக் கொடுத்து, வாசல் வரை கைபிடித்துக் கொண்டுபோய் விட்டாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு திரும்பினாள்.

"நிஜத்தைச் சொல்லுங்க. சீட்டுல எழுதியிருந்தது கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரியாம என்ன? அந்த டாக்டர் கையெழுத்து அப்படி. கோழி கிறுக்கின மாதிரி."

"அது கையெழுத்து இல்லைங்க. அச்சடிச்சது."

கடைக்காரர் ஒரு ஃபிரேமை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"எனக்குப் பயமா இருக்குங்க," என்றாள் அவள். "இன்னிக்கு முழங்கால். நாளைக்கு யாராவது தலையில அடிபட்டு விழுந்தா? இருபத்திரண்டு வருஷமா நம்பி வர்றாங்க. ஒரு கண்ணாடி போட்டுக்கிட்டா என்ன குறைஞ்சுடப் போறீங்க?"

அவருக்கும் உள்ளே சுருக்கென்றுதான் இருந்தது. தபால்காரர் நொண்டிக்கொண்டு போனது கண்ணிலேயே நின்றது. ஆனால் கண்ணாடி போட்டால் கிழவன். கிழவன் என்றால் முடிந்தது கதை. தலைக்கு மை அடிக்கலாம், தொப்பையை உள்ளே இழுத்துப் பிடிக்கலாம், மூக்கு மேல் உட்கார்ந்திருப்பதை எப்படி மறைப்பது? ராத்திரி முழுக்க இதையே புரட்டிப் புரட்டி யோசித்ததன் பலன்தான் காலையில் நுரையோடு வந்த அந்தச் சபதம்.

சரி, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தவர் கூடத்தைப் பார்த்ததும் நின்றார். மேஜைக்கு அந்தப் பக்கம் மனைவியின் தங்கை உட்கார்ந்திருந்தாள். அவள் கண் மருத்துவமனை ஒன்றில் பார்வை சோதிக்கிறவள். மேஜை மேல் இரண்டு கண்ணாடிக் கூடுகள் மூடியபடி இருந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு.

"வாம்மா மச்சினி! என்ன, காலங்காத்தால படையெடுப்பு? அக்கா ஆள் சேர்க்கிறாளா?"

"அக்கா கூப்பிட்டா, வந்தேன் அத்தான். அக்கா ஏதோ புதிர் போடப் போறாளாம். நானும் ஆட்டத்துல இருக்கேன்."

புதிர் என்ற சொல் காதில் விழுந்ததும் கடைக்காரரின் முதுகு தானாக நிமிர்ந்தது. "யாரு, இவளா? எனக்கா?" என்று மனைவியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆமா, உங்களுக்குத்தான்," என்றாள் மனைவி. "ரெண்டு கூடு. ஒண்ணு காலி. ஒண்ணுல உங்களுக்குன்னு செஞ்ச கண்ணாடி இருக்கு. நாங்க ரெண்டு பேரு. எங்கள்ல யாராவது ஒருத்திகிட்ட, ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். அப்புறம் ஒரு கூட்டைத் திறக்கணும். காலிக் கூடு வந்தா, நீங்க இருக்கற வரைக்கும் நான் கண்ணாடிங்கிற பேச்சையே எடுக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. ஆனா கண்ணாடி வந்தா, அந்த நிமிஷமே போட்டுக்கணும். கடையில இருக்கற நேரம் பூரா கழட்டக் கூடாது."

கடைக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒரு வருஷத்து நச்சரிப்பை ஒரே கேள்வியில் தொலைக்க வாய்ப்பு! அதுவும் எந்தப் புதிரை வைத்து? அவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விடை சொல்லும் புதிரை வைத்து! பாவம், இவளுக்குப் புதிது புதிதாக யோசிக்கத் தெரியவில்லை, என்னிடம் கேட்டதையே எனக்கே போடுகிறாள் என்று நினைத்தபோது அவருக்கு மனைவி மேல் இரக்கம்கூட வந்தது.

"ஒத்துக்கிட்டேன். அப்புறம் அழக் கூடாது."

"நான் ஏன் அழறேன்? இந்தாங்க, விதியெல்லாம் இதுல எழுதியிருக்கேன். படிச்சுப் பார்த்துட்டு விளையாடுங்க."

உள்ளங்கை அளவு ஒரு காகிதத்தை நீட்டினாள். கடைக்காரர் வாங்கினார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தார். எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு கும்மென்று ஒரு சாம்பல் பட்டையாக நின்றது. கையை நீட்டினார். கொஞ்சம் பிரிந்தது. இன்னும் நீட்டினார். கை தீர்ந்துபோயிற்று.

மச்சினி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்க முடியவில்லை என்று சொன்னால் புதிரே தேவையில்லை, ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். கடைக்காரர் தொண்டையைச் செருமினார். தலையை இடமிருந்து வலமாக, நான்கு வரிக்கு நான்கு தடவை, நிதானமாக ஆட்டினார். உதட்டைக்கூட லேசாக அசைத்தார். எவ்வளவு பேரை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்திருக்கிறார், அவருக்கா நடிக்கத் தெரியாது?

"ம். படிச்சாச்சு."

"எல்லா வரியும்?" என்றாள் மனைவி.

"படிச்சாச்சும்மா! இது என்ன பெரிய சாசனமா? அந்தப் பழைய உண்மை-பொய்ப் புதிர்தானே?"

"உண்மை பொய் பத்தித்தான்."

"அதான் பார்த்தேன். ஒருத்தி உண்மை மட்டும் பேசுவா, ஒருத்தி பொய் மட்டும் பேசுவா."

"அப்படியா எழுதியிருக்கேன்? எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துக்குங்களேன்."

"நேரத்தைக் கடத்தாதே. தோத்துப் போயிடுவோம்னு பயம் வந்துடுச்சு, அப்படித்தானே?"

மச்சினி குறுக்கே வந்தாள். "அத்தான், நீங்க கடையில எல்லார்கிட்டயும் சொல்லுவீங்களே, கடைசி வரி வரைக்கும் படிங்கன்னு. அந்தக் கடைசி வரியையும்..."

"அதையும் படிச்சாச்சு!" என்று காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார் கடைக்காரர். "ரெண்டு பேரும் நேரா உட்காருங்க. முகத்தைப் பார்த்து எவ பொய்க்காரின்னு நான் கண்டுபிடிக்கப் போறதில்லை. எனக்கு அது தேவையே இல்லை. புத்திதான் வேலை செய்யணும்."

எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கூடத்தில் இரண்டு நடை நடந்தார். விடை ஏற்கனவே நாக்கு நுனியில் இருந்தது. இருந்தாலும் யோசிக்கிற மாதிரி ஒரு நடையாவது நடந்தால்தானே மரியாதை? திரும்பி வந்து மச்சினி முன்னால் நின்றார்.

"கேள்வி உனக்குத்தான். நல்லா கேட்டுக்கோ. காலிக் கூடு எதுன்னு உங்க அக்காகிட்ட நான் கேட்டா, அவ எதைக் காட்டுவா?"

மச்சினி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "கறுப்பை."

"ஹா!" என்று கடைக்காரர் போட்ட சத்தத்தில் ஜன்னலோரம் படுத்திருந்த பூனை இறங்கி ஓடியது. "மாட்டிக்கிட்டீங்க! ஏன்னு சொல்லட்டுமா?"

"சொல்லாம விடவா போறீங்க?" என்றாள் மனைவி.

"இவ உண்மைக்காரின்னு வெச்சுக்கோ. அப்போ நீ பொய்க்காரி. நீ சொல்லப்போற பொய்யை இவ அப்படியே சொல்லுவா. சரி, இவ பொய்க்காரின்னு வெச்சுக்கோ. அப்போ நீ உண்மைக்காரி. நீ சொல்லப்போற உண்மையை இவ புரட்டிச் சொல்லுவா. எப்படிச் சுத்தினாலும் நடுவுல ஒரே ஒரு பொய் இருக்கு. ஆகையால இவ காட்டினதுக்கு எதிர்க் கூடுதான் காலி. சிவப்பு! இதுல யாராவது ஒரு ஓட்டை காட்டுங்க பார்ப்போம்."

"நீங்க சொன்ன கணக்குல ஓட்டையே இல்லை அத்தான்," என்றாள் மச்சினி.

கடைக்காரர் பூரித்துப் போனார். "இனிமே இந்த வீட்டுல கண்ணாடிங்கிற வார்த்தையே கேட்கக் கூடாது. முகம் பார்க்கற கண்ணாடியைக்கூட வேற பேர் சொல்லித்தான் கூப்பிடணும்," என்று மனைவிக்கு உத்தரவு போட்டுக்கொண்டே சிவப்புக் கூட்டைத் திறந்தார்.

உள்ளே ஒரு கண்ணாடி சாவகாசமாகப் படுத்திருந்தது.

கடைக்காரர் கூட்டை மூடினார். மறுபடி திறந்தார். கண்ணாடி போகவில்லை. கறுப்புக் கூட்டைத் திறந்தார். துடைத்து வைத்த மாதிரி காலி.

"மோசடி! விதியை மீறிட்டீங்க! உங்கள்ல ஒருத்திதான் பொய் பேசணும். ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டு..."

"நாங்க ரெண்டு பேரும் இன்னிக்கு ஒரு பொய்கூடச் சொல்லலைங்க," என்றாள் மனைவி. "கறுப்புக் கூடு காலி. என்கிட்ட கேட்டிருந்தா கறுப்புன்னுதான் சொல்லியிருப்பேன். என் தங்கச்சி அதைத்தான் சொன்னா."

"அதெப்படி? ஒருத்தி உண்மை, ஒருத்தி பொய்ங்கிறதுதானே விதி?"

"அதை நீங்கதான் சொன்னீங்க. நான் சொல்லலை. காகிதத்துல என்ன இருக்குன்னு பாருங்க. அதுக்கு முன்னாடி பந்தயம். போட்டுக்குங்க."

வார்த்தை கொடுத்தாயிற்று. கடைக்காரர் கண்ணாடியை எடுத்தார். ஃபிரேம் அவருக்குப் பிடித்த மெல்லிய கறுப்புச் சட்டம். காதுப் பக்கம் அவர் தலைக்கென்றே பார்த்து வளைத்திருந்தது. தூங்கும்போது அளவெடுத்திருக்கிறாள் போலிருக்கிறது, ராட்சசி.

"பவர் எப்படித் தெரிஞ்சுது?" என்று கம்மிய குரலில் கேட்டார்.

"நீங்க செய்தித்தாளை எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறீங்கன்னு அக்கா டேப் வெச்சு அளந்து எனக்குச் சொன்னா," என்றாள் மச்சினி. "அந்த அளவுக்கும் உங்க வயசுக்கும் தோராயமாப் போட்டிருக்கேன். நாளைக்குச் சரியா சோதிச்சுடலாம் அத்தான். அட்டையை மட்டும் நான் கொண்டு வர்றேன். உங்க அட்டை உங்களுக்கு மனப்பாடம்."

மாட்டிக்கொண்டார். மேஜை மரத்தில் ரேகைகள் ஓடின. தன் விரல் நகத்தில் அழுக்கு இருந்தது. சட்டையில் பற்பசை இருந்தது. மனைவியின் கண்ணோரத்தில் இரண்டு மெல்லிய கோடுகள் இருந்தன. இது எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. ஒரு வருஷமாக இவளை இவ்வளவு கிட்டத்தில் சரியாகப் பார்க்கவே இல்லையே என்று அவருக்கு நிஜமாகவே வருத்தமாகப் போயிற்று.

அந்த வருத்தத்தைக் காட்டிக்கொள்ளாமல் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை உருவினார்.

"எழுத்தை வேணும்னே எறும்பு மாதிரி எழுதியிருக்கே. இது அநியாயம்."

"நம்ம கடையில கையில கொடுத்துப் படிக்கச் சொல்லுவோமே ஒரு அட்டை, அதோட கடைசி வரி அளவுதான். போன வாரம் தபால்காரர்கிட்ட கொடுத்துப் படிக்கச் சொன்னது நீங்கதானே? அவர் 'தெரியலை சார்'னு நேர்மையாச் சொன்னார். நீங்கதான் படிக்காம ஒப்பிக்கிறீங்க."

தன் பிரம்மாஸ்திரம் தன் நெஞ்சிலேயே வந்து பாய்ந்ததை அவர் உணர்ந்தார். காகிதத்தை விரித்தார். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, கறுகறுவென்று, முத்து முத்தாக நின்றது.

"சத்தமா," என்றாள் மனைவி.

"விதி ஒன்று: எங்கள் இருவரில் ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்." விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். "விதி இரண்டு: நாங்கள் இருவரும் உண்மை மட்டுமே பேசுவோம். விதி மூன்று: ஆகவே, காலிக் கூடு எது என்று நேராகக் கேட்டாலே போதும்."

நிறுத்திவிட்டார். காகிதத்தை மெல்ல மடிக்கப் போனார்.

"இன்னும் ஒண்ணு இருக்கே," என்றாள் மனைவி. "கடைசி வரி வரைக்கும் படிங்க."

கடைக்காரர் மூக்கின் மேல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்:

"விதி நான்கு: இந்த வீட்டில் பொய் சொல்பவர் ஒரே ஒருவர்தான். அவரிடம் இந்தக் காகிதத்தைக் கொடுத்தால், மூன்று தடவை 'படிச்சாச்சு' என்பார்."